போட்டோபாலிமர் பிளேட்: ‘ஒளியிறுகு தகடு’ எனலாமா?

> எழுத்து மேடாக நிற்கும் அச்சுத் தகடான போட்டோபாலிமர் பிளேட்டுக்கு ‘ஒளிப்பலபடித் தகடு’ என்பது நீளமாக இருக்கிறது. ‘நெகிழித் தகடு’ என்று முடித்துவிடலாமா? ஸ்டீரியோ, எலெக்ட்ரோ, துத்தநாக பிளாக் ஆகிய மற்ற அச்சுத் தகடுகளுக்கும் சொல் வேண்டும்.

ஐயா, வணக்கம்.

‘நெகிழி’ வேண்டாம். அச்சடுக்கிய பாரத்தை (கோத்து இறுக்கிய எழுத்துப் பக்கத்தை) அச்சுப்படி எடுத்து, சூட்டில் அழுத்திச் செய்த பிளாஸ்டிக் தகடுகள் முன்பே இருந்தன. அந்தப் பெயர் அவற்றுக்கே பொருந்தும். ‘பலபடி’யிலும் சிக்கல் உண்டு: பாலிமரை நாம் பலபடி என்பதை இலங்கையில் பல்பகுதியம் என்கிறார்கள். தகட்டில் என்ன நடக்கிறதோ அதையே பெயராக வைத்தால் இரு பக்கமும் புரியும். என் பரிந்துரை ‘ஒளியிறுகு தகடு’. சுடுமண், ஊறுகாய் போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது.

நடப்பது இதுதான். தகட்டின் மேலுறையை உரித்து, நெகட்டிவ் பிலிமின் மருந்துப் பக்கம் (படம் பதிந்த பூச்சுப் பக்கம்) தகட்டோடு படும்படி வைத்து, வெற்றிடத்தால் காற்றை உறிஞ்சிவிட்டு, புற ஊதா விளக்கைப் போடுகிறோம். ஒளி பட்ட இடம் இறுகும். படாத இடம் வெதுவெதுப்பான நீரில் மெல்லிய தூரிகைக்குக் கரைந்துபோகும். ஒற்றி எடுத்து, வெப்பக்காற்றில் உலர்த்தி, மறுபடி ஒரு முறை ஒளி காட்ட வேண்டும். கடைசி ஒளியை விட்டால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். பளபளப்பான பிலிம் ஆகாது. இடையில் காற்று சிக்கி எழுத்தின் ஓரம் தடிக்கும். சொரசொரப்பான பிலிமில் காற்று வெளியேற வழி இருக்கும்.

தமிழுக்கென்றே ஒரு சோதனை உண்டு: மெய்யெழுத்தின் புள்ளி. 8 பாயிண்டில் அது அரை மில்லிமீட்டர்கூட இராது. துணையில்லாமல் தனியே நிற்கும். ஒளி குறைந்தால் அதன் அடி தகட்டின் தரை வரை இறுகாது, தூரிகை அதைப் பிடுங்கிவிடும், ‘க்’ ‘க’வாகிவிடும். அதற்குப் பயந்து நேரத்தைக் கூட்டினால் ‘ண’வின் உட்குழிகள் ஆழம் குறைந்து மை அடைக்கும். ஒரே வரியை வெவ்வேறு நேரங்களில் ஒளிகாட்டிக் கழுவிப் பார்த்து, புள்ளி நிலைக்கும் மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வதே வழி. அதிக நேரம் கழுவினாலும் கெடும். மெல்லிய கோடுகள் நீரில் ஊதி நெளிந்துவிடும்.

> துத்தநாக பிளாக்கிலும் ஒளி பட்ட இடம்தானே இறுகுகிறது? அப்படியானால் இந்தப் பெயர் அதற்கும் போகுமே?

நல்ல கேள்வி. பிளாக்கில் இறுகுவது மேலே பூசிய மெல்லிய படலம் மட்டும். அது அமிலத்தைத் தடுக்கும். மற்ற இடத்தை நைட்ரிக் அமிலம் தின்ன, மேடாக மிஞ்சுவது உலோகம். ஒளியிறுகு தகட்டிலோ இறுகிய பொருளே மை வாங்கும் முகம். எனவே துத்தநாக பிளாக்குக்கு ‘அரிப்புத் தகடு’ போதும். அச்சகத்தில் வழங்கும் ‘பிளாக்’ என்ற சொல்லையும் அடைமொழியோடு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டீரியோவுக்கு ‘வார்ப்புத் தகடு’. ஈரத்தாள் அச்சில் ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயக் கலவையை ஊற்றி எடுப்பது. ‘வார்ப்புரு’ என்றால் கணினிக்காரர்கள் டெம்ப்ளேட் என்றே படிப்பார்கள். எலெக்ட்ரோவுக்கு ‘மின்படிவுத் தகடு’: மெழுகு அச்சில் காரீயகப் (கிராஃபைட்) பொடி தடவி, காப்பர் சல்பேட் கரைசலில் செம்பு படியவைத்து, பின்புறம் ஈயம் ஊற்றுவது.

> ‘டைப் ஹை’க்கு ‘எழுத்துயரம்’ என்றால் எழுத்தின் அளவு என்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைப்பார்கள். ஈய எழுத்தின் பாதத்திலிருந்து மை வாங்கும் முகம் வரை உள்ள உயரம் அது, 23.32 மில்லிமீட்டர். ‘அச்சுமட்டம்’ என்றால் குழப்பமில்லை. பட்டறைக் கணக்கிலும் அந்தச் சொல் எளிதாக உட்காரும்: தகடு 1.52, ஒட்டுப்படலம் 0.10 என்றால் தகட்டைத் தாங்கும் அடித்தட்டு 21.70 இருந்தால்தான் அச்சுமட்டம் வரும். மட்டம் தாழ்ந்தால் எழுத்து வெளிறும், தகட்டின் அடியில் மெல்லிய தாள் வைத்து ஏற்றலாம். உயர்ந்தால் உருளை எழுத்தின் விளிம்புகளிலும் மை பூசும், தாளின் பின்புறம் புடைக்கும். அதற்குத் தாள் வைத்துத் தீர்வு கிடையாது. அடித்தட்டைத்தான் மாற்ற வேண்டும்.

மறுப்பு இல்லையென்றால் ஐந்து சொல்லையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.