கலைச்சொல்: விட்டுவிட்டு வரும் கோளாறுக்குத் ‘தருணப் பழுது’

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் சேர்ந்து கலைச்சொல் தேடிவரும் வாகனப் பழுதுநீக்கக் கையேட்டில் பழைய வண்டிகளின் புகை பற்றிய அதிகாரத்துக்கு வேண்டிய சொற்களில் பெரும்பாலானவை முடிவாகிவிட்டன. கரும்புகை, நீலப்புகை, வெண்புகை என்பவற்றைப் பட்டறைகளிலும் அப்படியே சொல்கிறார்கள்; அவற்றில் கை வைக்க வேண்டாம். காற்றுக்கு மிஞ்சி டீசல் போனால் கருப்பு, எஞ்சின் ஆயில் எரிந்தால் நீலம், எரியாத டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ ஆவியாக வந்தால் வெள்ளை என்று ஒரு வரி விளக்கம் போதும்.

எஞ்சினின் இழுக்கும் சக்தி குறைவதற்கு வைத்திருக்கும் ‘திறன் இழப்பு’ என்பதை மட்டும் மாற்றக் கேட்கிறேன். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் திறன் சரியான சொல்தான். இலங்கைப் பாடநூல்களில் அதுவே வலு. ஆனால் திறன் இழப்பு என்றதும் மின்கம்பியில் வீணாகும் மின்சாரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வண்டிக்காரர் பட்டறைக்கு வந்து சொல்வது ‘வண்டி இழுக்கவில்லை’ என்றுதான். ஆகவே ‘இழுவைக் குறைவு’ என்று வைப்போம். இழுவை என்ற சொல் வேறு பொருளிலும் வழங்குகிறது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் ‘குறைவு’ சேர்ந்தபின் பழுதுநீக்கக் கையேட்டைப் படிக்கும் எவரும் அதைத் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். ஒரு நேரம் வந்து ஒரு நேரம் காணாமல் போகும் கோளாறுக்கு இங்கே மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன: இடைவிட்ட பழுது, முறைப்பழுது, மறைபழுது. மூன்றுமே எனக்கு நிறைவு தரவில்லை.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு நான் பாடமாகவே எடுக்கும் ஒரு வண்டியைச் சொல்கிறேன். கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் பழைய டர்போ டீசல் ஜீப். காரவள்ளியில் புறப்படும்போது நன்றாக இருக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் பின்னால் கரும்புகை அடைக்கும், இழுவை விழுந்துவிடும். ஓரமாக நிறுத்தி ஓட்டுநர் தேநீர் குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் ஓடும். புகைச் சோதனையிலோ தேறிவிட்டது. டீசல் வண்டிக்கான சோதனை, நின்ற இடத்தில் கியர் போடாமல் ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்திப் பார்ப்பது. பழைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). மலையேறும் பாரம் அந்தச் சோதனையில் எங்கே இருக்கிறது? டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினார்கள், டீசல் பம்பைக் கழற்றி அளவு வைத்தார்கள், எதிலும் தீரவில்லை.

குற்றவாளி, ஏர் ஃபில்டரிலிருந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய். வெளியே பார்த்தால் பழுதே தெரியாது. கழற்றி விரலை உள்ளே விட்டால் உட்புறத் தோல் உரிந்து, தொளதொளவென்று விரலோடு வரும். சூட்டில் ரப்பர் இளகியிருக்கும் வேளையில் டர்போ முழு வேகத்தில் காற்றை இழுத்தால், அந்தத் தோல் உள்வாங்கிக் குழாயின் வாயை அடைத்துவிடும். காற்று குறைந்தது பழைய இயந்திரப் பம்புகள் பலவற்றுக்குத் தெரியாது. மிதித்த அளவுக்கு டீசலைத் தந்துகொண்டே இருக்கும். கரும்புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்தே வருவது அதனால்தான். எஞ்சினை அணைத்ததும் தோல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்கு எதுவும் அகப்படாது.

இதை ‘இடைவிட்ட பழுது’ என்றால் இடைவெளி இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. அறுந்து அறுந்து வரும் இணைய இணைப்புக்கு அந்தச் சொல் பொருந்தும். அங்கே அது இருக்கட்டும். ‘முறைப்பழுது’ முறைக்காய்ச்சலைப் பின்பற்றியது, அழகான சொல்தான். ஆனால் மலேரியாக் காய்ச்சல் கிருமியின் வகையைப் பொறுத்து 48 மணிக்கொரு முறை, 72 மணிக்கொரு முறை என்று கணக்காக வரும். இந்த ஜீப்புக்கு நாள்கணக்கு கிடையாது. சூடும் ஏற்றமும் சேர்ந்தால் வரும், சேராவிட்டால் மாதக்கணக்கில் வராது. ‘மறைபழுது’ வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது: கிராங்க் தண்டில் மயிரிழை விரிசல் இருந்தும் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்கு.

ஆகவே ‘தருணப் பழுது’ என்பதை முன்வைக்கிறேன். குறிப்பிட்ட தருணம் கூடும்போது மட்டும் வெளிப்படும் பழுது. இந்தச் சொல்லைக் கேட்டவுடன் ‘எந்தத் தருணத்தில்?’ என்று கேட்கத் தோன்றும், அதுதான் இதன் பலம். வேலை அட்டையில் மாணவர் ‘தருணம்’ என்று ஒரு கட்டம் போட்டு, எஞ்சின் சூடா குளிர்ச்சியா, ஏற்றமா இறக்கமா, டேங்கில் டீசல் எவ்வளவு என்று எழுதிக்கொண்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தருணம் மாறினால் காரணமும் மாறும். பழைய பெட்ரோல் கார் ஏற்காட்டிலிருந்து மிதியை விட்டு, கியரில் இறங்கி வருகிறது. சமதளத்தில் மிதியை அழுத்தியதும் ஒரு வீச்சு நீலப்புகை, பிறகு ஒன்றுமில்லை. இறங்கும்போது த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியின் மூடி) மூடியிருப்பதால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, தேய்ந்த வால்வு சீல் வழியாக ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. புகையே இல்லாமல், நெடுந்தூரம் ஓடியபின் மட்டும் இழுவை குறைந்தால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். புஸ் என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத் துளை மண்ணடைத்திருக்கிறது. இந்த இரண்டையும் நீலப்புகை, இழுவைக் குறைவு என்று மட்டும் அட்டையில் எழுதினால் எஞ்சினைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். பணம் போவது வண்டிக்காரருக்கு. எனக்கு இந்தச் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் இருப்பது அதனால்தான்.

இன்னொரு வசதியும் உண்டு. கணினி வைத்த வண்டிகளில் பழுது நேர்ந்த நொடியின் எஞ்சின் வேகம், பாரம், தண்ணீரின் வெப்பம் முதலியவற்றைக் கட்டுப்பாட்டுப் பெட்டியே குறித்துவைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ எனப்படும் இதற்கு ‘உறைசட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் மாணவருக்கு எதுவும் விளங்காது. ‘தருணப் பதிவு’ என்றால் விளங்கும். பழைய வண்டியில் அந்தப் பதிவு ஓட்டுநரின் நினைவில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தருணம் வடசொல் என்று நம்மில் இருவர் தயங்கினார்கள். ‘வேளைப் பழுது’ என்று வைக்கலாம் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேளை என்றால் காலை, மாலை என்ற நேரமே முந்திக்கொள்கிறது. சாகும் தறுவாயை நினைவூட்டும் ‘தறுவாய்ப் பழுது’ வேண்டவே வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாகனத் திருத்தகங்களில் இத்தகைய கோளாறை எப்படிச் சொல்கிறார்கள் என்று அங்குள்ள நண்பர்கள் எழுத வேண்டுகிறேன். தயாராக வழங்கும் சொல் அங்கே இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம். இல்லையென்றால் ‘தருணப் பழுது’, ‘தருணப் பதிவு’, ‘இழுவைக் குறைவு’ மூன்றையும் வரும் வரைவில் சேர்த்துவிடுகிறேன்.