'பெரிய வீடு' குழு: எந்த நாய் வாங்கலாம்?

வெள்ளி, இரவு 8:40

நான்: எல்லோருக்கும் ஒரு கேள்வி. பையன் பிறந்தநாளுக்கு நாய் கேட்கிறான். மூன்று வருடமாக மழுப்பிவிட்டேன், இந்த முறை இவரும் அவன் கட்சியில் சேர்ந்துவிட்டார். பையனுக்கு 9, பாப்பாவுக்கு 4. இரண்டாம் மாடி பிளாட். குழந்தைகளோடு ஒத்துப்போகும் ஜாதி எது?

தம்பி: ஹஸ்கி! நீலக் கண்!

டாக்டர் அண்ணி: அது பனிநாட்டு நாய். மடிப்பாக்கத்து மே மாதத்தில் அதற்காக ஓடும் ஏசியின் பில்லை நீ கட்டுகிறாயா?

தம்பி: நான் எதுவும் சொல்லவில்லை.

கோவை சித்தி: பக் வாங்கு. செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடுமே, அது. மடியில் வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் அண்ணி: குணம் தங்கம்தான் சித்தி. மூக்குதான் வம்பு. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சப்பை மூக்கில் அது சரியாக நடக்காது. வெயிலில் விளையாடி மயங்கிய பக்கைக் கோடை தவறாமல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அம்மா: நாய் எதற்கு, மீன்தொட்டி வையுங்கள். நம் ஜிம்மி தபால்காரரின் காக்கியைக் கிழித்து, அப்பா புதிதாகத் தைத்துக் கொடுத்தது மறந்துவிட்டதா?

தம்பி: ஜிம்மி பொமரேனியன்தானே?

டாக்டர் அண்ணி: அப்படிச் சொல்லித்தான் விற்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் அது இந்தியன் ஸ்பிட்ஸ். சின்ன உடம்பு என்பதால் குழந்தைகள் பொம்மை போலத் தூக்குவார்கள். வலித்தால் பல்லைக் காட்டும். பாப்பா கொஞ்சம் வளரட்டும்.

ராஜபாளையம் மாமா: ஏ தாயி, 2005இல் தபால்தலையில் ஏறிய நாய் நம் ஊர் நாய். அதை ஒருவரும் சொல்லவில்லையே!

நான்: பிளாட்டுக்கு ஒத்துவருமா மாமா?

ராஜபாளையம் மாமா: ஒத்துவராது. அதைச் சொல்லத்தான் வந்தேன். வீட்டு ஆட்கள் என்றால் உயிரையே விடும். ஆனால் பையனின் கூட்டாளிகள் ஓடிப்பிடித்துக் கத்தினால், அது விளையாட்டு என்று அதற்கு யார் சொல்வது? அதற்குத் தோட்டம் வேண்டும், காக்க ஒரு வாசல் வேண்டும். சிப்பிப்பாறை வேட்டை நாயும் முயல் விரட்டிய கால். லிஃப்டில் ஏறி இறங்கி என்ன செய்யும்?

ராஜபாளையம் மாமா: இன்னொன்று. இந்த வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் வெள்ளைச்சிக்கும் அப்படித்தான். தூக்கத்தில் தொட்டால் திடுக்கிட்டு வாயைத் திருப்பும். நான் நாலடி தள்ளி நின்று குதிகாலால் தரையைத் தட்டுவேன். அதிர்வு தெரிந்து கண்ணைத் திறக்கும், என்னைப் பார்க்கும், அப்புறம்தான் வால் ஆடும். நாலு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பொறுமை ஏது?

நான்: அப்படியானால் லேப்ரடார்தான் என்கிறார் இவர். கீழ்வீட்டு லேபோடு பாப்பாவைப் பாருங்கள். (வீடியோ)

கோவை சித்தி: கண் பட்டுவிடும், சுற்றிப் போடு!

அம்மா: சமர்த்து.

டாக்டர் அண்ணி: சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பாப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டதும் நாய் முகத்தைத் திருப்புகிறது. உதட்டை நக்குகிறது, பக்கத்தில் தின்ன எதுவும் இல்லை. பிறகு ஒரு கொட்டாவி. கண்ணோரத்தில் வெள்ளை தெரிகிறதா?

நான்: தூக்கம் வருகிறது என்றல்லவா நினைத்தேன்.

டாக்டர் அண்ணி: "என்னை விடு" என்று மூன்று முறை கேட்டிருக்கிறது. லேபுக்குப் பொறுமை அதிகம், அவ்வளவுதான். அடுத்து உறுமும். உறுமினால் நாம் அடிப்போம். அடி வாங்கிய நாய் அதற்கடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும்.

நான்: வயிற்றைக் கலக்குகிறது அண்ணி. இதை ஸ்டேட்டஸில் வேறு வைத்திருக்கிறேன்.

டாக்டர் அண்ணி: பயப்படாதே, லேப் நல்ல தேர்வுதான். கட்டிப்பிடிப்பதை மட்டும் நிறுத்து. நாய் தானாக வந்தால் தோளைத் தடவி, மூன்று எண்ணிக் கையை எடுக்கச் சொல். ஒட்டிக்கொண்டால் மறுபடி தடவலாம், நகர்ந்தால் விட்டுவிட வேண்டும். தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகவே கூடாது. பெரியவர் இல்லாத அறையில் இருவரையும் விடாதே. 30 கிலோ நாய் ஆசையாக மோதினாலே பாப்பா விழுந்துவிடுவாள்.

அம்மா: பல் பட்டுவிட்டால்?

கோவை சித்தி: மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவோம்.

டாக்டர் அண்ணி: ஐயோ சித்தி, வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே மருத்துவமனை. வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது. நாய்க்கும் வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி.

சனி, காலை 7:15

தம்பி: "45 நாள் லேப் குட்டிகள், இன்னும் இரண்டே பாக்கி." அக்கா, முன்பணம் போட்டுவிடட்டுமா?

டாக்டர் அண்ணி: கையை எடு. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017இலேயே விதி வந்துவிட்டது. கூடப் பிறந்ததைக் கடித்து, அது கத்தி, தாய் அதட்டி, இப்படித்தான் குட்டி பல்லை அடக்கக் கற்கிறது. அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்திக் கொண்டுவந்தால் மீதியைப் பாப்பாவின் கணுக்காலில்தான் படிக்கும்.

டாக்டர் அண்ணி: நேற்றே சொல்ல நினைத்தேன். என்னிடம் வரும் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது. 3 வயது லேப், பெண். கருத்தடை ஆகிவிட்டது, ஊசி அட்டை என் கையெழுத்தில்தான் இருக்கிறது. 6 வயதுக் குழந்தையோடு வளர்ந்தது.

நான்: பையன் குட்டிதான் வேண்டும் என்பானே.

டாக்டர் அண்ணி: நீங்கள் இருவரும் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் குட்டியை யார் பார்ப்பது? நள்ளிரவு மூத்திரத்துக்கு யார் எழுந்திருப்பது? குட்டி எப்படி வளரும் என்று ஜாதியை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். வளர்ந்த நாயின் குணத்தை நேரிலேயே பார்த்துவிடலாம்.

அம்மா: முடி கொட்டுமா?

டாக்டர் அண்ணி: கொட்டும் அத்தை. சாம்பாரிலும் கிடக்கும்.

அம்மா: மீன்தொட்டி.

ராஜபாளையம் மாமா: அக்கா, மருமகள் பேச்சைக் கேள். மீன் வாசலுக்கு வந்து வரவேற்காது.

நான்: நாளை நாலு மணிக்குப் பார்க்கப் போகிறோம். பாப்பா இப்போதே அவள் அப்பாவின் தோளைத் தடவி, "ஒன்று, இரண்டு, மூன்று" எண்ணிக் கையை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

டாக்டர் அண்ணி: நகர்ந்தாரா, ஒட்டிக்கொண்டாரா?

நான்: காபி கேட்டார்.

அம்மா: நாலு மணியா? நானும் வருகிறேன். சும்மா பார்க்கத்தான்.