ஓடாத நாளில் வரும் குற்ற உணர்வு

கேள்வி: நெடுந்தூர ஓட்டக்காரனான எனக்கு ஒரு நாள் ஓடாவிட்டாலும் எரிச்சலும் குற்ற உணர்வும் மேலிடுகின்றன; கணுக்கால் வீங்கியிருந்தபோதும் காலணிக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு ஓடினேன். வேகமோ குறைந்துகொண்டே வருகிறது. இது என் சோம்பலா?

பதில் 1: சோம்பல் அன்று. பயிற்சியை நிறுத்தினால் உறக்கம் என்னவாகும் என்று அறிய முற்பட்ட ஆய்வாளர் பேக்லண்ட், வாரத்தில் 5, 6 நாள் பயிற்சி செய்பவர்கள் பணம் தருவதாகச் சொல்லியும் நிறுத்த மறுத்ததை 1970-இல் பதிவு செய்தார்.

பதில் 2: அப்படி நிறுத்த முடியாமல் போவது மனத்தின் பிடி, வேகம் குறைவது உடலின் கணக்கு. பயிற்சியில் நைந்த தசை ஓய்வில்தான் தேறுகிறது. போதிய ஓய்வின்றி அளவுக்கு மீறிப் பயிலும் மிகைப்பயிற்சி முற்றினால் மீள மாதங்கள் ஆகலாம். வீக்கத்தை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்: நன்றி. இன்று ஓடவில்லை; ஆனால் வாசலில் கிடக்கும் காலணியை இருமுறை எட்டிப் பார்த்துவிட்டேன்.