பாகிஸ்தான் கிழங்கா, நுவரெலியாக் கிழங்கா?

கந்தப்பளையான்:
இலங்கை மலையகத்தில் கந்தப்பளையிலிருந்து நுவரெலியா வரை வழிநெடுக உருளைக்கிழங்குப் பாத்திகள். நகரத்துச் சுப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் பாகிஸ்தான் கிழங்கு, கழுவித் துடைத்து வலைப்பையில் தொங்குகிறது. வாங்குகிறவர்களும் நம் ஆட்கள்தான். கேட்டால் கிலோவுக்கு நூறு ரூபாய் மிச்சம் என்கிறார்கள். எதிர்மேட்டில் விளைந்தது மூட்டையிலேயே முளைவிட, கப்பலேறி வந்ததைச் சமைப்பது என்ன நியாயம்? வேறு யார் வாங்கினாலும் மலையகத்தில் இருக்கிற நாமாவது இறக்குமதிக் கிழங்கை வாங்குவதில்லை என்று இருக்க வேண்டும்.

கொழுந்துக்கூடை:
அண்ணா, சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரமானது 2021இல். அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது 2024இல். அதுவும் பறித்த கொழுந்து சொன்ன நிறையை எட்டி, முழுப்பேர், அதாவது முழுநாள் கணக்கு, விழுந்தால்தான். மழை பிடித்தால் அரைப்பேர். அந்த நூறு ரூபாயை மிச்சம் என்று நீங்கள் நக்கலாகச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் அது பிள்ளையின் பஸ் காசு.

இன்னொன்றும் கேட்கிறேன். காலையில் ரொட்டி சுடுகிற கோதுமை இந்த நாட்டில் விளைகிறதா? மைசூர்ப் பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. பால்மா நியூசிலாந்து. தோட்டத்து லயத்து வீடுகளின் சமையலறையில் பாதிக்கு மேல் கப்பலில் வந்த சாமான். அப்போதெல்லாம் வராத நாட்டுப்பற்று கிழங்கில் மட்டும் வருகிறது.

கந்தப்பளையான்:
கோதுமை இங்கே விளையாது, கிழங்கு விளைகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், தங்கச்சி. விளைகிற பொருளுக்கு ஏன் வெளிநாட்டை நம்ப வேண்டும்?

எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் கிழங்கும் கோவாவும் (முட்டைக்கோஸ்) போட்டவன் முதலைத் தொலைத்துவிட்டான். பிறகு உரம் வந்தது, பழைய விலையில் வரவில்லை. எங்களைக் காப்பாற்ற இறக்குமதிக்கு விசேட பண்ட வரி இருக்கிறது என்பார்கள். அறுவடைக்கு முன்னரே இறக்குமதிக் கிழங்கால் களஞ்சியங்கள் நிரம்பியிருந்தால், அதற்குப் பின் வரியை ஏற்றி யாருக்கு என்ன பயன்? கொழும்பில் வரியைக் குறைக்கும் ஒரு வர்த்தமானியில் (அரச அறிவித்தலில்) கையெழுத்து விழுகிறது, இங்கே மூட்டையின் விலை இறங்குகிறது.

கொழுந்துக்கூடை:
உரமும் கப்பலில்தான் வருகிறது. விதைக்கிழங்கிலும் ஒரு பகுதி ஒல்லாந்திலிருந்து வருகிறது. உள்ளூர்க் கிழங்கு என்று நெஞ்சை நிமிர்த்தும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ராகலை லொறி:
இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறீர்கள், நடுவில் இருக்கிறவன் சிரிக்கிறான். பாகிஸ்தான் கிழங்கைச் செம்மண்ணில் புரட்டி நுவரெலியாக் கிழங்கு என்று விற்கிற வேலை பல முறை பத்திரிகைகளில் வந்த செய்திதான். உள்ளூர் வாங்குகிறேன் என்று கூடுதல் காசு கொடுத்தவரின் பையிலும் பாகிஸ்தான் இருக்கலாம்.

கடையில் கையில் எடுத்துப் பாருங்கள். புரட்டிய மண் பொடியாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும். தோண்டி எடுத்த கிழங்கில் மண் கண்குழிக்குள் இறுகிக் காய்ந்திருக்கும். புதிதாகத் தோண்டியது என்றால் கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் சுருண்டு வரும்.

விலைக்கும் விவசாயியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். இங்கே ஏற்றுகிற கோவா தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இறங்குகிறது. அங்கே கொமிஷன், மூட்டை தூக்குகிற நாட்டாமைக் கூலி. அதே கோவா மறுபடி மலையேறி ஹற்றன் கடைக்கு வருவதும் உண்டு. மூட்டைக்கு மேல் மூட்டை அடுக்கினால் அடியில் கிடப்பது நசுங்கிப் போகும். அந்த நட்டமும் நல்லதின் விலையில்தான் ஏறுகிறது.

பேராதனை மாணவி:
ஒரு விடயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபது வரை போனபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். மலிவாக வருகிறது என்று உள்ளூர் விவசாயியைக் கைவிட்டால், டொலர் இல்லாத நாளில் அவன் நிலத்தில் தேயிலையோ ஹோட்டலோதான் இருக்கும். கந்தப்பளை அண்ணன் சொல்வதுதான் சரி.

கொழுந்துக்கூடை:
அந்த வருடம் உள்ளூர் மரக்கறி மலிவாகக் கிடைத்ததா, தங்கச்சி? உரமும் இல்லை, டீசலும் இல்லை. கரட் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பிய ஆட்கள் நாங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து மண் சரிந்து பாதை அடைபட்டபோதும் கப்பல் சாமானும் வரவில்லை, கந்தப்பளைக் கோவாவும் வரவில்லை. லயத்துக்குப் பின்னால் இருந்த கீரையும் சௌசௌக் கொடியும்தான் கைகொடுத்தன. அந்தத் துண்டு நிலமும் எங்கள் பெயரில் இல்லை. தோட்டத்துரை (தோட்ட முகாமையாளர்) வேண்டாம் என்றால் கொடியைப் பிடுங்க வேண்டியதுதான். உள்ளூர் உணவு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த நிலத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன்.

கந்தப்பளையான்:
நிலம் கொடுக்க நான் யார்? நானே குத்தகைக்குச் செய்கிறேன். ஆனால் ஒன்று செய்யலாம். பொடிக் கிழங்கை, அதாவது சின்னதாக விளைந்ததை, வியாபாரி எடுப்பதில்லை, எடுத்தாலும் அடிமாட்டு விலை. ருசியில் குறைவில்லை, உரிக்கிற வேலைதான் கூட. தம்புள்ளைக்கு அனுப்பாமல் நேராகத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் வாங்குவீர்களா?

கொழுந்துக்கூடை:
பொடிக் கிழங்கை அவித்துத் தோலோடு பிரட்டுவோம், உரிக்கவே வேண்டாம். சம்பளம் பத்தாம் திகதி, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பாகிஸ்தான் கிழங்கைவிட ஐந்து ரூபாய் கூடினாலும் திருப்பி அனுப்புவோம், இப்போதே சொல்லிவிட்டேன். கடன் கொப்பியையும் எடுத்து வாருங்கள்.

ராகலை லொறி:
எல்லாம் சரி, லொறிக் கூலியை யார் தருவது?