டென்னிஸ் ராக்கெட்: கிராஸை (குறுக்கு ஸ்ட்ரிங்கை) கீழிருந்து ஏத்தலாமா?

கேள்வி: 16x19 ராக்கெட் (16 மெயின், அதாவது நெடுக்கு ஸ்ட்ரிங்; 19 கிராஸ்), டிராப் வெயிட் மெஷின் (தண்டுல இருக்கிற எடையால ஸ்ட்ரிங்கை இழுக்கிறது), 12 மீட்டர் பாலியஸ்டர் ஸ்ட்ரிங் செட். மெயின் கைப்பிடிப் பக்கம் முடியுது. அதே ஸ்ட்ரிங்ல அங்கிருந்தே மேல்நோக்கி கிராஸ் தொடரலாமாங்க?

பதில்: வேண்டாங்க. பல கம்பெனிகள் கிராஸைத் தலைப்பக்கமிருந்துதான் இறக்கச் சொல்றாங்க. 100 சதுர அங்குலத் தலைன்னா செட்டைச் சரிபாதியா வெட்டிடுங்க, ஒண்ணு மெயினுக்கு, ஒண்ணு கிராஸுக்கு. நாலு முடிச்சு விழும், அவ்வளவுதான். வெடித்த குரோமெட்டை (ஃபிரேம் ஓட்டையில இருக்கிற பிளாஸ்டிக் குழலை) அப்பவே மாத்துங்க. இல்லேன்னா ஃபிரேம் ஓரத்துலேயே ஸ்ட்ரிங் அறுந்துடும்.

பதில்: இழுவை நைலான் ஸ்ட்ரிங்குக்கு 55 பவுண்டுன்னா பாலியஸ்டருக்கு 50 போதும். இழுக்கும்போது மெஷினோட எடைத் தண்டு கிடைமட்டமா நிக்கணும். 5 டிகிரி சாய்வு ஒண்ணும் பண்ணாது; 20 டிகிரின்னா இழுவை 6 சதவீதம் குறையும்.

பதில்: கிராஸை இழுக்கும்போது வளைவா விரிச்சு, மேலும் கீழும் நகர்த்திக்கிட்டே இழுங்க. ஒரே புள்ளியில உரசினா மெயின்ல பள்ளம் விழும். அவசரம்தான் இங்க எதிரி.

கேள்வி கேட்டவர்: பழைய ஸ்ட்ரிங்கை எப்படி வெட்டுறது?

பதில்: நடுவிலிருந்து வெளியே, மெயினும் கிராஸும் மாறி மாறி.