விஆர் கண்ணாடியில் இதயத்தைச் சுற்றி வந்தார்கள், ஆனால் பாடம் மனதில் நிற்கவில்லை

கேள்வி (எட்டாம் வகுப்பு டீச்சர்):
வணக்கம். போன வாரம் இதயப் பாடத்துக்கு விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டினால், கணினி உருவாக்கிய உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோலக் காட்டும் கண்ணாடி) பயன்படுத்தினேன். இரத்தத்தோடு வலது ஆரிக்கிளுக்குள் (இதயத்தின் மேல் அறை) நுழைந்து, நுரையீரல் போய்த் திரும்பி, இடது வெண்ட்ரிக்கிள் (கீழ் அறை) வழியாக வெளியே வரும் ஆறு நிமிடப் பயணம். வால்வு திறந்து மூடும்போது பிள்ளைகள் கையை நீட்டித் தொடப் பார்த்தார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. மறுநாள் வெள்ளைத்தாள் கொடுத்து இரத்தம் போகும் பாதையை வரையச் சொன்னேன். 32 பேரில் 9 பேர்தான் சரியாக வரைந்தார்கள். இரண்டு பேருக்குத் தலைசுற்றல் வேறு. எங்கே தப்பு செய்தேன்?

பதில் 1 (உயிரியல் சார்):
உங்கள் தப்பு இல்லை டீச்சர். 2018இல் பரோங், மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு உடல் செல்களைப் பற்றிய பாடத்தை விஆரிலும் கணினி ஸ்லைடுகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்வம் விஆர் குழுவுக்கு, மதிப்பெண் ஸ்லைடு குழுவுக்கு! ஆனால் விஆர் பாடத்தை இடையிடையே நிறுத்திச் சுருக்கம் எழுத வைத்தபோது, நிறுத்தாமல் பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆறு நிமிடத்தையும் ஒரே மூச்சில் காட்டாதீர்கள். ஒவ்வோர் அறையிலும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, வரையச் சொல்லுங்கள்.

பதில் 2 (இயற்பியல் டீச்சர்):
தலைசுற்றல் பற்றி: கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. அந்த முரண்பாடுதான். காட்சி தானாக ஓடாமல், பிள்ளை நின்று பார்க்கிற மாதிரி இருந்தால் குறையும். ஹெட்செட்டின் வயது வரம்பையும் பார்த்துவிடுங்கள்.

நான் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துவது போனில் ஏஆர்தான், அதாவது கேமராவில் தெரியும் நிஜ இடத்தின் மேல் உருவங்களை வைத்துக் காட்டுவது. பூமியைக் கால்பந்து அளவுக்கு மைதானத்தில் வைத்துவிட்டு, "நிலாவை எங்கே வைப்பது?" என்று கேட்பேன். எல்லோரும் ஒரு மீட்டருக்குள் வைப்பார்கள். அப்புறம் சரியான இடத்தைக் காட்டினால், அது ஆறரை மீட்டருக்கு அப்பால் இருக்கும். பூமியின் விட்டத்தைப்போல ஏறக்குறைய 30 மடங்கு தூரம். முதலில் தப்பாக வைத்த பிள்ளை அதை மறப்பதே இல்லை.

கேள்வி கேட்டவர்:
ஊகிக்க வைப்பதை நான் செய்யவே இல்லை! இன்று இடது வெண்ட்ரிக்கிளுக்குள் போவதற்கு முன், "எந்தப் பக்கச் சுவர் தடிப்பாக இருக்கும்?" என்று கேட்டேன். பாதிப் பேர் வலது என்றார்கள். உள்ளே போய்ப் பார்த்ததும் ஒரு பையன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வலது நுரையீரலுக்கு மட்டும்தானே தள்ளுது, இடது உடம்பு முழுக்கத் தள்ளணுமே மிஸ்!" என்றான். நாளை மறுபடி வெள்ளைத்தாள் கொடுக்கப்போகிறேன்.