பொருள்: ‘மறுசேர்க்கை’ போதுமா? குறித்த இடத்தில் டி.என்.ஏ.வை அறுத்து மாற்றும் செயலுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வகுப்பில் கிரே நொதியைப் பற்றிப் பாடம் எடுத்தேன். கரும்பலகையில் ‘இடஞ்சார் மறுசேர்க்கை’ என்று எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, “பிரிந்துபோனது மறுபடியும் சேர்ந்துகொள்கிறதா, ஐயா?” என்று கேட்டாள். அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது. நொதி செய்வது வேறு. அன்றிலிருந்து இது என்னை விடவில்லை.

செயலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் அதிலிருந்து பிறக்கட்டும். கிரே, பி1 என்னும் பாக்டீரியோபேஜின், அதாவது பாக்டீரியத்தைத் தாக்கும் வைரஸின், நொதி. அது தேடிப் பிடிக்கும் தொடருக்கு லாக்ஸ்-பி என்று பெயர். நீளம் 34 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்): இரு ஓரங்களிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான 13 இணைகள், நடுவில் 8. அந்த நடு எட்டு சமச்சீர் இல்லாதது என்பதால்தான் லாக்ஸ்-பிக்கு ஒரு திசை உண்டு. நான்கு நொதி மூலக்கூறுகள் இரண்டு லாக்ஸ்-பிகளை அருகருகே இழுத்து நிறுத்துகின்றன. நொதியில் உள்ள டைரோசின் என்னும் அமினோ அமிலம் ஓர் இழையின் பாஸ்பேட்டைத் தாக்கி அறுக்கிறது. அறுந்த முனையை அது நழுவ விடுவதில்லை. தன்னோடு சகப்பிணைப்பில் பிடித்துக்கொண்டு, எதிரே இருக்கும் டி.என்.ஏ.வின் முனையிடம் ஒப்படைக்கிறது. முதல் சுற்றில் ஒவ்வொரு டி.என்.ஏ.விலும் ஓர் இழை கைமாறுகிறது, அப்போது நிற்பது ஹாலிடே சந்தி என்னும் குறுக்குப் பின்னல். இரண்டாம் சுற்றில் மற்ற இழைகள். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாவதில்லை, ஒரு நியூக்ளியோடைடு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அறுத்த பிணைப்பின் ஆற்றல் டைரோசினோடு ஏற்பட்ட பிணைப்பிலேயே காப்பாற்றப்படுகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் வியப்பு குறைவதில்லை.

டைரோசினுக்குப் பதில் செரின் என்னும் அமினோ அமிலத்தால் அறுக்கும் செரின் குடும்ப நொதிகள் வேறு வழியில் செல்கின்றன. நான்கு இழைகளையும் ஒருசேர அறுத்து, ஒரு பாதியை 180 பாகை சுழற்றி ஒட்டுகின்றன. சால்மொனெல்லாவின் ஹின் நொதி இவ்வகை. ஒரு துண்டைத் திருப்பிப் போட்டே அந்தப் பாக்டீரியம் தன் கசையிழைப் புரதத்தை மாற்றிக்கொள்கிறது.

‘மறு’ என்ற முன்னொட்டை விட்டுவிட்டு, ‘குறியிட மாற்றுச்சேர்க்கை’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. குறித்த இடத்தில் நிகழ்வது என்று சொல்லும் ‘குறியிட’ என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பங்கேற்று, இரத்தம் உறையாத ஹீமோபிலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு லென்டிவைரஸ் வழியே மரபணு கொடுத்த ஆய்வின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. அந்த வைரஸின் இன்டகிரேஸ் என்னும் நொதி, குறிப்பிட்ட தொடர் எதையும் தேடுவதில்லை. உயிரணுவுக்கு உயிரணு வேறு வேறு இடத்தில் மரபணுவை நுழைக்கிறது. லாம்டா என்னும் பாக்டீரியோபேஜின் நொதிக்கும் இன்டகிரேஸ் என்றே பெயர். ஆனால் அது ஈ. கோலை பாக்டீரியத்தில் தனக்குரிய ஓரிடத்தையே நாடுகிறது. பெயர் ஒன்று, குணம் இரண்டு. மாணவர்கள் குழம்புவது இங்கேதான்.

சத்துவாச்சாரி, வேலூர்

*

ஐயா, வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அறிவியல் எனக்குத் தொலைவு, தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள்.

‘மறு’வை அவசரப்பட்டுத் துரத்த வேண்டாம். மறுமுறை என்பதில் அது ‘மீண்டும்’. மறுகரை, மறுபுறம் என்பவற்றில் அது ‘மற்றது’. நீங்கள் விவரித்த செயலுக்கு இரண்டாவது பொருள் அப்படியே பொருந்துகிறது. மற்றதனோடு சேர்கிறது அல்லவா?

பழுது ‘சேர்க்கை’யில் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கை என்கிறோம்; கூட்டத்தில் ஆள் சேர்வதற்கும் அதே சொல். முனையும் முனையும் கூடுவது அதில் தெரியவில்லை. எங்கள் தெருவில் கைத்தறி ஓடுகிறது. பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்தால், அச்சில் தொங்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப்பாவின் இழையை வரிசை தவறாமல் முறுக்கிச் சேர்ப்பார்கள். அதற்கு அச்சு பிணைத்தல் என்று பெயர். ஓர் இழை தவறிச் சேர்ந்தால் அடுத்ததெல்லாம் இடம் மாறிவிடும். அந்த ‘பிணை’யை எடுத்துக்கொள்ளுங்கள்.

*

அம்மா, நன்றி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன். மறுகரை என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

‘பிணைப்பு’ என்றால் வேதியியலில் ஏற்கெனவே அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. மேலே நானே ‘சகப்பிணைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ஆகவே ‘பிணைவு’ என்று கொள்ளலாம்: குறியிட மறுபிணைவு. நொதிக்கு மறுபிணை நொதி. தறியில் பழைய முனையோடு புது முனை சேர்கிறது. இங்கே நான்கு முனைகள் துணை மாறுகின்றன. ஆனால் இழைக்கு இழை, வரிசை தவறாமல் என்பது இரண்டுக்கும் பொது. நடு எட்டு இணைகள் இரு பக்கமும் பொருந்தாவிட்டால் கிரேயின் வேலையும் நிறைவேறாது.

ஓர் ஐயம் எழுந்தது. ஒரே டி.என்.ஏ.வில் இரண்டு லாக்ஸ்-பிகள் ஒரே திசையை நோக்கி இருந்தால் இடைப்பட்ட துண்டு வெளியேறிவிடும். வெளியேறுவதைப் பிணைவு என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். வெளியேறும் துண்டின் இரு முனைகளும் கூடி அது வளையமாகிறது, விட்டுவந்த இடத்தின் முனைகளும் கூடிக்கொள்கின்றன. அறுந்த முனை எதுவும் மிஞ்சுவதில்லை.

எதிரெதிர்த் திசையில் இருந்தால் துண்டு அதே இடத்தில் தலைமாறிக் கிடக்கும். இதற்குத்தான் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. ‘புரட்டு’ என்றால் பொய் என்று பொருள்பட்டுவிடுகிறது. ‘திருப்பம்’ சாலை வளைவை நினைவூட்டுகிறது. தறியில் ஒரு துண்டைத் தலைமாற்றிப் போடுவதற்கு உங்கள் தெருவில் ஏதேனும் சொல் வழங்குகிறதா என்று விசாரித்து எழுதுங்கள். வியாழக்கிழமை அந்தப் பாடத்தைத் தொடர்கிறேன். அதுவரை ‘தலைமாற்றம்’ என்றே எழுதி வைக்கிறேன்.